நாயனம் கேட்டு வரைந்த மலை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை விருதுநகர் மருத்துவமனையிலிருந்து எங்கள் அச்சகத்துக்குத் தொலைபேசி வந்தது. எடுத்துப் பேசிய முதலாளி, பேச்சு முடிந்த பின்னும் கருவியைக் கீழே வைக்கவில்லை. "மிசின நிறுத்துங்கலே. ரோஸ்லின் போயிருச்சு" என்றார். காலண்டர் சீசன் நேரத்தில் எங்கள் இயந்திரங்கள் பகலில் நின்று நான் பார்த்ததில்லை.

ரோஸ்லின் அவர்கள் எங்கள் சிவகாசி அச்சகத்தின் ஓவியர். முப்பது வயதைக்கூட எட்டாதவர். தாயார் விருதுநகரில் நர்ஸ். சிறுவயதில் கண்ட காய்ச்சல் ரோஸ்லினின் இதயத்தைப் பழுதாக்கியிருந்தது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஓவிய அறையில் நாங்கள் எல்லாரும் ஆண்கள். பட்டாசு லேபிளுக்குக் கிளியும் ரோஜாவும் போட்டுக்கொண்டிருந்தோம். முதல் நாளே என் கிளியைப் பார்த்து, "அண்ணே, இது பறக்குமா, லேபிள்லயே குடியிருக்குமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான். ஆனாலும் சிறகைத் திருத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பார். ஆராதனை முடிந்ததும் ரயிலேறி ராஜபாளையம் போய், ஏற முடியாத அந்த மலைகளை அடிவாரத்தில் உட்கார்ந்து வரைவார்.

ஓர் ஆடி வெள்ளியன்று நானும் என் மனைவியும் இருக்கன்குடி அம்மனைப் பார்க்கக் கிளம்பினோம். நாயனம் கேட்க வேண்டும் என்று அவரும் உடன் வந்தார். ஆற்று மணலில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று என் மனைவியின் கையைப் பிடித்தார். "மேல போயி, அங்கனயே நின்னு, மனசில்லாம இறங்குச்சே, கேட்டீகளா மதினி? நம்ம மேக்கு மலையும் அப்படித்தான் இறங்குது."

அந்த வாரமே படத்தைத் தொடங்கினார். மழைக்கு முந்திய மலைத்தொடர். ஒரு முகடு எழும்பி, நின்று, சரிந்து, அடுத்ததில் கலக்கும். தூரம் போகப்போக நீலம் மெலிந்துகொண்டே போகும். பார்த்துக்கொண்டு நின்றால் நம் மூச்சும் அதனோடு ஏறி இறங்கும்.

பட்டாசுக் கம்பெனி ஒன்றின் காலண்டருக்கான படம் அது. கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். "மலை நல்லாத்தான் இருக்கு. சாமி எங்க?" என்றார்.

"நடுவுல ஒரு முருகன நிறுத்திரும்மா" என்றார் எங்கள் முதலாளி.

"முருகனத் தனியா வரைஞ்சு தாரேன், அண்ணாச்சி. இதுல வேண்டாம். பாட்டுக்கு நடுவுல எந்திரிச்சுப் பேசுன மாதிரி ஆயிரும்."

அது பெரிய ஆர்டர். முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கு இன்றோடு வேலை போயிற்று என்றே நாங்கள் நினைத்தோம். ரோஸ்லின் தலை குனியவில்லை. முதலாளி படத்தை வெளிச்சத்தில் சாய்த்து வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கம்பெனிக்காரரிடம், "முருகன் உங்களுக்கு. மலை எனக்கு" என்றார். எங்கள் அச்சகத்தின் சொந்தக் காலண்டராக மலை அச்சேறியது.

மறுவருடம் அதே கம்பெனிக்காரர் வந்தார். "ஒங்க காலண்டரத்தான் எங்க வீட்டுக் கூடத்துல மாட்டிருக்கு. வருசம் முடிஞ்சும் எம் பொண்டாட்டி கழட்ட விட மாட்டேங்கா. இந்தத் தடவ எனக்கும் மலையே போடுங்க" என்றார். "அடுத்த பாட்டு வரட்டும், சொல்லுதேன்" என்று ரோஸ்லின் சிரித்தார். அன்று ஓவிய அறையில் நாங்கள் அத்தனை பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தோம், ஏதோ நாங்களே வரைந்ததைப் போல.

அதன்பின் ஆண்டுக்கு ஒரு மலை வந்தது. கடைசி மலையைச் சென்ற மாதம் முடித்துக் கொடுத்தார்.

விருதுநகர்க் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய கையோடு முதலாளி ஓவிய அறைக்கு வந்தார். "படத்துக்குக் கீழ அந்தப் பிள்ள பேரப் போடு" என்றார். காலண்டரில் கம்பெனியின் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும். வரைந்தவர் பெயரை எங்கள் ஊரில் எவரும் போட்டதில்லை.

அச்சுக் கல்லில் எழுத்தை இடவலமாக மாற்றித்தான் எழுத வேண்டும். எழுதினேன். இன்று காலை முதல் தாள் வெளியே வந்தது. மலையின் அடியில் நேராக, தெளிவாக நின்றது: ரோஸ்லின்.

போய் வாருங்கள், அம்மா. இனி உங்களைத் தெரியாத வீடுகளிலும் உங்கள் பெயரை வாசிப்பார்கள்.