கார்ப்பரேஷன் மீனும் எங்கள் கிணறும்

எங்கள் சந்தில் குழாய் வரவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. கிணற்றுக் கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போயிருந்தன. ராயபுரம் கடற்கரையை ஒட்டிய சந்து அது. ஒரு பக்கத்திலிருந்து கூட்ஸ் வண்டிகளின் கரிப்புகை வரும், இன்னொரு பக்கத்திலிருந்து கருவாட்டு வாடை வரும். இரண்டுக்கும் நடுவில் எங்கள் கிணறு. கடலுக்கு அத்தனை பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறுவதை வெளியாட்கள் அதிசயமாகப் பார்ப்பார்கள். நாங்கள் ஏதோ எங்கள் சாமர்த்தியத்தால் ஊறுவதுபோல நின்றுகொண்டிருப்போம்.

வெள்ளைக்காரன் போன மறு வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, கார்ப்பரேஷனின் கண் எங்கள் கிணற்றின்மேல் விழுந்தது. அந்த வட்டாரத்தில் குளிர் ஜுரம் பரவிக்கொண்டிருந்தது. கிணறுகளில்தான் அந்தக் கொசு முட்டையிடுகிறது, ஆகையால் கிணற்றுக்கு மேலே பலகை போட்டு மூடிவிட்டுத் தெருவில் குழாய் வைத்துத் தருகிறோம் என்று மலேரியா இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வந்து சொன்னார். காக்கி அரை டிராயர், கையில் நீளக் காம்பு வைத்த அகப்பை. வயதும் அதிகமில்லை. நல்ல மனுஷன், பாவம்.

சந்தே திரண்டுவிட்டது. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். குழாய்த் தண்ணீரில் மருந்து போடுகிறார்கள், பருப்பு வேகாது என்றார்கள். கார்ப்பரேஷன்காரன் நினைத்தால் திறப்பான், நினைத்தால் மூடுவான், கிணறு யாரையும் கேட்டு ஊறுவதில்லை என்றார்கள். திருவிழாவுக்குத் திருவிழா மாதா கோயில் சாமியார் வந்து மந்திரிக்கிற கிணற்றில் கொசு எப்படி முட்டையிடும் என்றுகூட ஒருவர் கேட்டார். இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை போய்விட்டது. இப்படியே இருந்தால் அடுத்த வருஷம் பாதிச் சந்து மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்ச் சேரும் என்றார். கூட்டத்திலிருந்து உடனே பதில் வந்தது: "நாங்கல்லாம் வேதக்காரங்க சார். எங்களுக்கு மூலக்கொத்தளம் இல்ல, காசிமேட்டுக் கல்லறை."

எல்லோரையும்விட அதிகமாகச் சத்தம் போட்டவள் என் அம்மா. அவளுடைய காரணத்தை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் சந்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா கிணற்றுக்குப் போனதே அக்காவைப் பார்க்கத்தான்.

அக்காவை அதே சந்தின் கோடி வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமனார் துறைமுகத்தில் மேஸ்திரி. ஓட்டு வீடு, வாசலில் சிமெண்டுத் தரை. எங்களைப்போலக் கட்டுமரத்தை நம்பி உட்கார்ந்திருக்கும் குடும்பமல்ல. கல்யாணம் நடந்த வருஷமே கோயில் திருவிழா வந்தது. சப்பரத்தின் முன்கொம்பை யார் தோளில் வைப்பது என்று என்னைப் பெற்ற நைனாவுக்கும் அந்த மேஸ்திரி மாமாவுக்கும் வாய்ச்சண்டை வந்து, சாமியார் எதிரிலேயே அது கைகலப்பாகிவிட்டது. சொரூபம் சப்பரத்தில் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அக்கா எங்கள் வாசலை மிதிக்கக்கூடாது, எங்கள் நிழல் அந்த வீட்டுப் பக்கம் விழக்கூடாது என்று இரண்டு ஆம்பிளைகளும் தனித்தனியாகச் சட்டம் போட்டார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிற மகளை அம்மாவால் போய்ப் பார்க்க முடியவில்லை. ஆனால் தண்ணீருக்குப் போகாதே என்று எந்த வீட்டிலும் சொல்ல முடியாதே.

விடியற்காலையில் துறைமுகத்துச் சங்கு ஊதியதும் அம்மா குடத்தைத் தூக்கிக்கொள்வாள். நான் இரண்டாவது குடம். அக்கா எதிர்ப்பக்கத்திலிருந்து வருவாள். முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டுபோன நெத்திலி வறுவலை அம்மா கொடுக்க, அக்கா அங்கேயே நின்று தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வாள். வாளியை அம்மா வேண்டுமென்றே மெதுவாக இறக்குவாள், அதைவிட மெதுவாக ஏற்றுவாள். மற்ற பெண்கள் முணுமுணுக்கமாட்டார்கள். தங்கள் முறையைக்கூட விட்டுக்கொடுப்பார்கள். அக்கா முழுகாமல் இருக்கிற சேதி அம்மாவுக்கு அந்தக் கிணற்றடியில்தான் தெரிந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா புளியங்காய் கேட்டாள், அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், வாளி கையிலிருந்து நழுவி உள்ளே விழுந்தது. அதை எடுக்கப் பாதாளக்கரண்டி தேடி நான்தான் வீடு வீடாக அலைந்தேன். இப்போது மூன்றாவது மாடியில் சமையலறைக்குள்ளேயே குழாயைத் திருகிக்கொள்கிறேன். சௌகரியம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனாலும் அந்தக் கிணற்றடி ஈரத்தையும், வளையல் சத்தத்தையும், அக்காவின் தூக்கம் கலையாத முகத்தையும் நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அம்மாவின் கத்தலுக்கு அஞ்சியோ என்னவோ, இன்ஸ்பெக்டர் ஒரு வழி சொன்னார். கொசுப்புழுவைத் தின்கிற மீன் கார்ப்பரேஷனில் இருக்கிறது, கொண்டுவந்து கிணற்றில் விடுகிறேன், அடுத்த முறை பார்க்கும்போது புழு இல்லாவிட்டால் கிணறு உங்களுக்கே என்றார். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சொன்னபடியே ஒரு தகர டப்பாவில் மீன் கொண்டுவந்தார். மீன்பிடிக்கிறவர்கள் சந்தில் கார்ப்பரேஷன் மீன் கொண்டுவந்து விடுகிறது என்றால் கேட்கவேண்டுமா? வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கண் இமை அளவுக்குப் பொடிப்பொடியாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "இது மீனா சார்? கருவாடு போட்டாகூட காக்கா சீந்தாது," என்றார் நைனா. இன்ஸ்பெக்டரும் சிரித்துக்கொண்டேதான் டப்பாவைக் கவிழ்த்தார்.

அவர் போனபிறகு அம்மா நைனாவைப் பிடித்துக்கொண்டாள். இந்த மீன் செத்துப்போனால் கிணறு போய்விடும், கிணறு போனால் என் பெண்ணை நான் எங்கே பார்ப்பது, இதற்கெல்லாம் காரணம் உன்னுடைய முன்கொம்புதான் என்று அழுதாள். நைனாவுக்கும் மகள்மேல் ஆசை இல்லாமலா? மறுநாள் கடலுக்குப் போகாமல் எங்கேயோ கிளம்பிப் போனார். சாயங்காலம் வாய்கட்டிய மண்பானை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். புழல் ஏரியில் பிடித்த விரால், இரண்டு. ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். பொடிமீனே புழுவைத் தின்னும் என்றால் இத்தனை பெரிய மீன் எத்தனை புழு தின்னும் என்பது அவர் கணக்கு. கடல்மீனைப் பற்றி அவரிடம் எதைக் கேட்டாலும் சொல்வார், வலையில் விழும் கனத்தை வைத்தே என்ன மீன் என்பார். ஏரி மீன் அவருக்குக் குழம்பில் வெந்த பிறகுதான் பழக்கம். சந்திலிருந்த மற்ற ஆம்பிளைகளும் அப்படித்தான். எல்லோரும் சேர்ந்து, கார்ப்பரேஷனுக்கே மீன் விடக் கற்றுக்கொடுத்துவிட்ட பெருமையோடு விராலைக் கிணற்றில் விட்டார்கள்.

விரால் புழுவைச் சீந்தவே இல்லை. கார்ப்பரேஷன் மீனைத்தான் தின்றது. ஒன்று விடாமல் தின்றுவிட்டுக் கொழுத்துப்போய் அடியில் கிடந்தது.

அடுத்த முறை இன்ஸ்பெக்டர் வந்து அகப்பையால் மொண்டு பார்த்தபோது அதில் புழு நெளிந்தது. தன் மீனைத் தேடிக் குனிந்தார். விரால் காற்றுக் குடிக்க மேலே வரும் இல்லையா, அந்த நேரம் பார்த்து ஒன்று தலையை நீட்டி, வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே உள்ளே போயிற்று. அவர் நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். யாருக்கும் அன்று சிரிப்பு வரவில்லை. நைனா மெதுவாகக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார்.

கிணற்றை மூடுவது என்று ஆகிவிட்டது. ஆட்கள் பலகையோடும் சிமெண்டோடும் வருவதாகச் சொன்ன அன்று, விடிந்ததும் அம்மா போய்க் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். குழாய்க்கு ஆசைப்பட்ட நானும் உட்கார்ந்தேன். அம்மா உட்கார்ந்திருக்கும்போது நான் எப்படி நிற்பது? "பலவைய என் மேலயே போட்டு மூடிக்கினு போங்க," என்று வந்தவர்களிடம் அம்மா சொன்னாள். இன்ஸ்பெக்டர் ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு பீடிக்கடை நிழலில் போய் ஒதுங்கினார்.

ஆனால் அம்மாவின் கவனம் அவர்மேல் இல்லை. சந்தின் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளும் அக்கா தண்ணீருக்கு வரவில்லை. அன்றும் வரவில்லை. அவர்கள் வீட்டுக் குடத்தோடு வந்தது அக்காவின் மாமியார். இத்தனை நாளும் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டுபோன அத்தை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அம்மா எதிரில் வந்து நின்றாள். குடத்தைக் கீழே வைத்தாள்.

"உம் பொண்ணுக்கு ராவெல்லாம் குளிரு ஜுரம். நாலு கம்பளி போத்தியும் நடுங்குது," என்றாள்.

அம்மா கிணற்றுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்து இறங்கி, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பீடிக்கடைப் பக்கம் திரும்பி, "மூடுங்க சார்," என்றாள். இன்ஸ்பெக்டருக்குக் கேட்காமல் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் அக்காவுக்குக் கொடுக்கச் சொல்லிக் கொய்னா மாத்திரை கொடுத்தார். அதை அத்தை வாங்கிக்கொண்டு போனாள். அம்மா கூடவே போக நாலடி வைத்தாள், பிறகு நின்றுவிட்டாள். நைனாவின் சட்டமும் மேஸ்திரியின் சட்டமும் அப்படியேதான் இருந்தன.

அக்கா பிழைத்துக்கொண்டாள். வயிற்றிலிருந்த பிள்ளையும் தப்பியது. இதெல்லாம் அம்மாவுக்கு யார் யார் வாய்மூலமாகவோதான் வந்து சேர்ந்தது. கிணறு மூடிக் குழாய் வரும்வரை கார்ப்பரேஷன் வண்டியில் தண்ணீர் வந்தது. ஜுரத்திலிருந்து எழுந்தவளை வண்டித் தண்ணீர் தூக்க அனுப்புவார்களா? அம்மா அக்காவைப் பார்க்கவே இல்லை. வீட்டில் அடுப்பெரியும், சோறாகும், அம்மா மட்டும் பாதியில் எழுந்துவிடுவாள். நைனா விராலைப் பற்றிப் பேச்செடுத்தாலே வெளியே போய்விடுவார்.

கடைசியில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். சந்து தொடங்கும் முனையில் ஒரு தெருக்குழாய், யாருக்காவது வசதி இருந்தால் வீட்டுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வசதி எங்கள் சந்தில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் இருந்தது. எந்த வீடு என்று சொல்லவேண்டியதில்லை. வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டால் அக்கா எதற்காகக் குடத்தோடு வெளியே வரவேண்டும்? அம்மா எங்கள் வாசலில் நின்று, அந்தப் பள்ளம் கோடி வீட்டை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று இன்ஸ்பெக்டர்மேலும் கோபம், நைனாமேலும் கோபம், குழாய் கேட்ட என்மேலும் கோபம்.

பள்ளம் தோண்டினவர்கள் கோடி வீட்டு வாசலில் போய், குழாய் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கேட்டார்கள். மேஸ்திரி வேலைக்குப் போயிருந்தார். அத்தை வெளியே வந்து வாசற்படியில் நின்றாள்.

"எங்க வூட்டுக்கு வோணாம்," என்றாள்.

வீட்டுக்காரர் பணம் கட்டச் சம்மதித்துவிட்டாரே, வீட்டிலேயே தண்ணீர் வந்தால் உங்களுக்குத்தானே நல்லது என்று கூட வந்திருந்த இன்ஸ்பெக்டர் எடுத்துச் சொல்லப் பார்த்தார்.

"இன்னா சார் நல்லது? வூட்டுக்குள்ளாற கொயா வந்துட்டா எம் மருமவ அவங்கம்மாவ எங்க போயி பாக்கும்?"

அவள் சத்தமாகத்தான் சொன்னாள். எங்கள் வாசல்வரை கேட்டது. அம்மா உள்ளே போய்க் கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னாலேயே போனேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "அந்த வூட்ல தண்ணி கீதான்னு கேட்டுகினு வா," என்றாள். சண்டைக்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போன முதல் வார்த்தை அது.

நான் போய்ப் படிக்குக் கீழேயே நின்று கேட்டேன். அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அக்கா இருமுவது கேட்டது.

"தண்ணி கீது," என்றாள் அத்தை, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல். "இருந்தாலும் ஒரு கொடம் கொண்டாரச் சொல்லு. நீ தூக்கிகினு வராத. உங்கம்மாவையே கொண்டாரச் சொல்லு."

அம்மா எங்கள் வீட்டிலிருந்த பெரிய குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். தெருவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நைனா உட்பட. அவள் திரும்பி வர விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.