கால் மணி நேரம்

எங்கள் பாஸ்டரின் அடக்கத்துக்குத் தாராவியே திரண்டு வந்தது. எங்கள் பழைய சந்தில் தோல் பெல்ட் பட்டறை வைத்திருக்கும் பாய் அன்று பட்டறையைத் திறக்கவில்லை. இரங்கல் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் எழுந்து சாட்சி சொன்னார்கள். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் அரிசி சுமந்து வந்தார், ஒரு பிள்ளையின் ஸ்கூல் சீட்டுக்காக நாலு நாள் அலைந்தார், குடிகாரனைத் திட்டாமலே திருத்தினார். எல்லாம் உண்மைதான். கடைசியாகப் பேசியவர் மட்டும், பாஸ்டர் யார் மனசையும் நோகடித்ததே இல்லை என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் நோகடித்த ஒரு ஆள் அந்நேரம் கோபர்கைரனேயில் என் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் அம்மா.

எங்களுடையது பாப்டிஸ்ட் சபை. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்து, புத்தி தெளிந்து, விசுவாசிக்கிறேன் என்று தன் வாயால் சொன்னவர்களைத்தான் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கினால் கீழே சிமென்ட் தொட்டி இருக்கும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அது நிரம்பாது. அதனால் வீட்டுக்கு ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றுவது சபையின் வழக்கம். யார் பாவத்தைக் கழுவ யார் வீட்டுத் தண்ணீர் என்று நான் கேலி செய்வேன். பாஸ்டர் வாய்விட்டுச் சிரிப்பார்.

அம்மா பிறந்த சபை வேறு. திருநெல்வேலிப் பக்கம் அவள் ஊரில், பிறந்த சில வாரங்களிலேயே ஐயர் குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளித்துப் பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார். தமிழ்ப் பிராமணர்கள் இருக்கும் மாட்டுங்காவில் ஐயர் என்றால் வேறு அர்த்தம். எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு ஐயர் என்றால் போதகர். கல்யாணமாகிப் பம்பாய் வந்த அம்மா அப்பாவின் சபையில் சேர்ந்தாள், தொட்டியில் முங்கியும் எழுந்தாள். ஆனாலும் தொட்டில் பழக்கம் என்பார்களே, அது முங்கினால் போகிறதா?

எனக்குப் பதினாலு வயதில் தம்பி பிறந்தான். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர்கள் சொன்னபோது அவனுக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை. அப்பா அம்பர்நாத்தில் ஃபாக்டரி ஷிஃப்டில் இருந்தார். மத்தியானம் குழந்தைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் ஓடிப்போய் பாஸ்டரைக் கூட்டிவந்தேன். அம்மா ஒரு தம்ளர் தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள். அவர் முழங்கால் போட்டு ஜெபித்தார். தம்ளரைத் தொடவில்லை. குழந்தை ஏற்கெனவே கர்த்தர் கையில்தான் இருக்கிறான், தண்ணீரால் அவனுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று தணிந்த குரலில் சொன்னார்.

"நீங்க நம்பாண்டாம் பாஸ்டரய்யா," என்றாள் அம்மா. "நான் நம்புதேன். எனக்காவத் தெளிங்க."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரத்தில் தம்பி போனான்.

அம்மா அழவில்லை. அப்பாவுக்குப் போன் பண்ணிவிட்டு வா என்று என்னை அனுப்பினாள். பூத்திலிருந்து திரும்பும்போது சந்து முக்கில் பாஸ்டர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்துகொண்டிருந்தார். கூடவே வெள்ளை அங்கி போட்ட ஒருவர். மாட்டுங்கா பக்கம், குழந்தைகளுக்குத் தெளிக்கிற ஒரு சபையின் ஐயர். பாஸ்டர் தன் மனசாட்சி விடாததைச் செய்ய ஆள் தேடி அவ்வளவு தூரம் நடந்தே போயிருக்கிறார். எங்கள் சபைக்குத் தெரிந்திருந்தால் அவர் வேலை போயிருக்கும்.

தம்பி செத்துக் கால் மணி நேரம் ஆகிவிட்டது என்று சொன்னேன். பாஸ்டர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"நான் வந்தத ஒங்க அம்மாட்ட சொல்லாத பிள்ள. இப்ப அவளுக்கு என் மேல கோவம். அது இருந்துட்டுப் போட்டும். இது தெரிஞ்சா அந்தக் கால் மணி நேரத்தப் பிடிச்சிக்கிடுவா. அப்புறம் உறங்க மாட்டா."

முப்பது வருஷத்துக்கு மேல் நான் சொல்லவில்லை. அம்மா ஞாயிறு தவறாமல் சபைக்குப் போனாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், அவருக்கு ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொன்னதில்லை. தொட்டி நிரப்பும் நாளில் எங்கள் வீட்டுக் குடம் வராது. அதையும் சேர்த்து அவரே தூக்கி வந்து ஊற்றுவார். ஊரெல்லாம் கொண்டாடிய மனிதர், அந்தக் கடைசி பெஞ்சைப் பார்க்காமல் ஒருநாளும் பிரசங்கத்தை ஆரம்பித்ததில்லை.

சந்து முக்கில் ஓடி வந்த அந்த இரண்டு பேரும் என்னை விடவே இல்லை. லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன், வாஷி பாலத்தில் வண்டி ஏறும்போது வருவார்கள். ஆபீஸில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது வருவார்கள். நல்ல பகல் வெளிச்சத்தில், அங்கியின் ஓரத்தில் சேறு தெறிக்க, ஓட்டமும் நடையுமாக. ஒரு தடவைகூட நேரத்துக்கு வந்து சேர்ந்ததில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். கூட்டமா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். ஊருக்கெல்லாம் ஓடினவர் அவள் பிள்ளைக்குத் திரும்பி வரவில்லை என்றாள். எனக்குக் கோபம் வந்தது. மண்ணுக்குள் போன பிறகாவது அந்த மனிதர் மேல் இவளுக்கு இருக்கும் வழக்கு தீரட்டும் என்று நினைத்தேன்.

"வந்தாவம்மா," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கணக்குப் போட ஆரம்பித்தாள். எந்த வழியாக வந்தார்கள்? பூத்தில் எத்தனை பேர் நின்றார்கள்? மாட்டுங்காவிலிருந்து டாக்ஸி பிடித்திருந்தால்? பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாசல் வரைக்கும் வந்தவியள நீ ஏன்ட்டி உள்ள கூட்டியாரல? செத்த பிள்ளைக்குத் தெளிச்சா ஆவாதோ?"

சின்னப் பிள்ளை, தோணவில்லை என்றேன்.

அடுத்த ஞாயிறு கல்லறைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். ஈரம் காயாத மண்ணில் உட்கார்ந்து, பாஸ்டரய்யா, பாஸ்டரய்யா என்று வாய்விட்டு அழுதாள். இப்போது அவரைப் பற்றி ஒரு சொல் பொறுக்க மாட்டாள். இரவில் அவள் உறங்குவதில்லை. காலையில் நான் கொடுக்கும் காப்பியை வாங்கிக்கொள்கிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பார்க்காததே நல்லது. அன்றைக்குச் சந்து முக்கில் அந்த ஐயர், பரவாயில்லை, உள்ளே வந்து பிள்ளையைத் தொட்டு ஜெபிக்கட்டுமா என்று என்னிடம் கேட்டார். இனி என்னத்துக்கு, போங்கள் என்று சொன்னது நான்தான்.