ஐறீன் டீச்சரும் பூப்போட்ட தாளும்

கொட்டாஞ்சேனையில் ஐறீன் டீச்சருக்கு வாய்க்காரி என்று பெயர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பாவின் நாக்கு அப்படியே மகளுக்கு வந்திருந்தது. யாருக்கோ பதிலாகக் கொஞ்ச நாள் நிற்கிறேன் என்று விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் கால் வைத்தவர், தலை நரைத்த பிறகும் அங்கேதான் கைவேலை படிப்பித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்கவில்லை.

உலகத்தில் அவருக்கு ஆகவே ஆகாத சொல் ஒன்று உண்டென்றால் அது "பாவம்". பிள்ளைகளைப் பார்த்து யாராவது அதைச் சொன்னால் அவருக்கு உச்சியில் ஏறிவிடும். வெள்ளவத்தை மாதர் சங்கத்துத் தலைவி, வங்கி மனேஜரின் மனைவி மிஸிஸ் சிவானந்தனோ மூச்சுக்கு மூச்சு அதைத்தான் சொல்வார். பிள்ளைகள் செய்யும் சாமான்களை மார்கழியில் களுபோவில ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கொடுப்பது அவருடைய சங்கத்தின் தர்மம். தைப்பது பிள்ளைகள், புண்ணியமும் போட்டோவும் சங்கத்துக்கு! வான் அவர்களுடையது என்பதால் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வருவார்.

அந்த வருஷம் றோஸி ஒரு பை தைத்திருந்தாள். ஆள் வளர்ந்த குமர்; எழுத்து ஏறவில்லை, கணக்கு ஏறவில்லை, பொத்தான் தைக்க மட்டும் வரும். தைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். பை முழுக்கப் பொத்தான், மாட்டுவதற்குத் துளை ஒன்றுகூட இல்லை. ஆனால் அது யாருக்கென்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும். போன வருஷம் அதே ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குப் படுத்திருந்தபோது தினமும் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டவர் வார்டில் வேலை செய்யும் லுத்பியா. அந்த மனுசி அலுமாரிச் சாவிகளை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடித் திரிவதை றோஸி பார்த்திருந்தாள். "லுத்பியாக்கா சாவி, லுத்பியாக்கா சாவி" என்று சொல்லிச் சொல்லியே மாதக்கணக்காகத் தைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாளே சாமான்களைக் கொண்டுபோய் அழகாகச் சுற்றி வைக்கிறோம் என்று மிஸிஸ் சிவானந்தன் வந்து நின்றார். யுத்தகாலத்துக் கொழும்பில் பார்சல் சுற்றிக்கொண்டு வீதியில் இறங்குகிற மடத்தனத்தை எந்தத் தமிழர் செய்வார்? பிறந்தநாளுக்குப் போவதானாலும் சாமானைத் திறந்தபடி கொண்டுபோய், தாளைச் சுருட்டிக் கையில் வைத்திருந்து, அந்த வீட்டு வாசலில்தான் சுற்றுவார்கள். டீச்சர் அதைச் சொன்னார். தன் கணவரின் பெயரைச் சொன்னால் எந்த செக்பொயின்றிலும் விடுவார்கள் என்று மிஸிஸ் சிவானந்தன் சிரித்தார்.

மறுநாள் பிள்ளைகளோடு போன வானை வெள்ளவத்தைப் பாலத்தடி செக்பொயின்றில் மறித்தார்கள். கணவரின் பெயர் அங்கே ஐந்து சதத்துக்கும் உதவவில்லை. எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, ஒரு சிப்பாய் பார்சல்களை ஒவ்வொன்றாகக் கிழித்தான். பூப்போட்ட தாளுக்குள்ளிருந்து வந்ததெல்லாம் புறக்கோட்டைக் கடைச் சரக்கு: உறைகூடக் கழற்றாத, முகம் துடைக்கும் லேஞ்சிகள், சோப்புப் பெட்டிகள். டீச்சருக்கு விளங்கிவிட்டது. பிள்ளைகளின் கோணல்மாணல் வேலை போட்டோவுக்கு எடுபடாதாம்!

இதெல்லாம் யார் செய்தது என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். இந்தப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்தவை என்று மிஸிஸ் சிவானந்தன் கூசாமல் சொன்னார். றோஸி எட்டிப் பார்த்தாள்.

"மகே நெவெய், அய்யே," என்றாள். என்னுடையது இல்லை என்றுதான் சொன்னாள்.

குண்டுக்குப் பயந்த அந்த நாளில் சொந்தக்காரர் இல்லாத பார்சல் என்றால் விளையாட்டா? துவக்குகள் திரும்பின. மிஸிஸ் சிவானந்தனுக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. நிற்கட்டும் என்று டீச்சர் வாயைத் திறக்காமல் இருந்தார். அதற்குள் வானைக் குடைந்துகொண்டிருந்த இன்னொருவன் சீற்றுக்குக் கீழிருந்து ஒரு சாக்கை இழுத்துக் கொட்டினான். அவ்வளவும் பிள்ளைகளின் சாமான்கள். வான் துடைக்கட்டும் என்று சாரதியிடம் கொடுத்திருக்கிறார்கள்! றோஸியின் பையில் கிறீஸ் அப்பிக் கிடந்தது.

"மேக மகே," என்று அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இது என்னுடையது. சிப்பாய் அந்தப் பொத்தான்களைத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

வானுக்குள் ஏறியதும் மிஸிஸ் சிவானந்தன் நோயாளிகள் பாவம், நல்ல சாமான் கிடைக்கட்டும் என்றுதான் மாற்றியதாக இழுத்தார்.

"துடைக்கத் துணி இல்லாட்டி உங்கட சீலையைக் குடுத்திருக்கலாம்தானே, மிஸிஸ் சிவானந்தன்?" என்றார் டீச்சர்.

வார்டில் லுத்பியா கிறீஸைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டு, குலுக்கிப் பார்த்து, இடுப்பில் செருகிக்கொண்டார். அப்போதுதான் மிஸிஸ் சிவானந்தன் கமராவும் கையுமாக ஓடிவந்தார். வந்தவர் பையைத் திருப்பிக் கொடுக்கும்படி லுத்பியாவிடம் சைகை காட்டினார்.

"றோஸி, இன்னொருக்காக் குடும்மா. நான் படம் எடுக்கேல்லை."

றோஸி கமராவைப் பார்த்தாள். லுத்பியாவின் இடுப்பைப் பார்த்தாள்.

"குடுத்தாச்சு," என்றாள். பிறகு கட்டிலில் ஏறி, தலை பின்னிவிடச் சொல்லி லுத்பியாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.