விசில் வரட்டும்

என் மாமனாருக்குக் கோபம் வர ஒரே ஒரு கேள்வி போதும், "காது கேட்கலையா?" வீட்டில் டிவி அலறும், சத்தமே வரவில்லை என்பார். குக்கர் நாலு விசில் அடித்து ஓய்ந்த பிறகு, இன்னும் அடுப்பில் ஏற்றவில்லையா என்பார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று பழி எங்கள் மேல்தான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று மாமியார் முணுமுணுத்தால், நானும் என் கணவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

இப்போது சிரிப்பு வருவதில்லை. மாமனார் லாண்ட்ரியில் பாய்லர் ஓட்டுகிறவர். நான் அதே லாண்ட்ரியில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இஸ்திரி போடுகிறவள். என்னோடு இன்னும் ஆறு பெண்கள்.

பாய்லரின் அழுத்தம் காட்டும் மீட்டர் முள்ளை அவர் நம்பியதே இல்லை. அது பொய் சொல்லும், வால்வு சொல்லாது என்பார். காலையில் தீயை ஏற்றிக்கொண்டே போவார். அழுத்தம் எல்லையைத் தொட்டதும் வால்வு மெல்லிசாக விசில் கொடுக்கும். அந்த நொடியே தீயைக் குறைத்துவிடுவார். முதலாளிக்கு அந்தக் காதின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. எங்களுக்கும்தான், பொய் சொல்வானேன்.

கொஞ்ச நாளாக அந்த விசில் நீள்கிறது. முதலில் ஒரு காலரைத் தேய்க்கும் நேரம். பிறகு ஒரு முழுச் சட்டை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்போம். மருமகள்தானே சொல்ல வேண்டும் என்று அவர்கள் இருந்தார்கள். எந்த முகத்தோடு சொல்வது என்று நான் இருந்தேன். சொன்னால் வேலை போகும், மனுஷன் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று நினைக்காமலிருக்க அடுத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

இன்று இரண்டு சட்டை முடிந்தும் விசில் நிற்கவில்லை. கீச்சென்று ஏறிக்கொண்டே போனது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினேன்.

பாய்லர் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த விசில் என் காதைக் கிழித்தது. "மாமா" என்று தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தவர் உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதம்மா. இன்னும் விசில் வரல."

சொல்லிவிட்டு, தீயை இன்னும் கொஞ்சம் ஏற்றக் கையை நீட்டினார்.