புகையை நம்பிப் போனவன்

காலடிப்பேட்டை மெட்ரோவில் நகரும் படி நகராமல் நின்றுவிட்டது. சரி, நடந்தே ஏறுவோம் என்று கிளம்பியவன், பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த கல்லூரிப் பெண், "மெதுவா வாங்க அங்கிள், ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். நான் ஒரு காலத்தில் தன்னந்தனியாக இமயமலையில் நாள்கணக்கில் நடந்தவனம்மா என்று சொல்ல நினைத்தேன். சொல்வதற்கும் மூச்சு வேண்டுமே.

சொன்னாலும் யார் நம்புவார்கள்? திருவொற்றியூர்க்காரனுக்கு மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். மலை ஆசையும் என்னுடையதில்லை, காதருடையது. காதர் வண்ணாரப்பேட்டை ஆள். மணலியில் டேங்கர் லாரிகள் நிற்கும் யார்டில் என்னோடு வேலை பார்த்தவன். மதியம் சோற்று டப்பாவைத் திறந்தால், கருவாட்டு வாசனையையும் மிஞ்சிக்கொண்டு ஏதோ ஒரு கெமிக்கல் நெடி வந்து உட்காரும். இன்றைக்கும் வீட்டில் கருவாடு வறுத்தால் எனக்கு அந்த யார்டுதான் ஞாபகம் வருகிறது.

"கலீஜ் காத்து மாமு இது. ஒரு தபா மலைக்குப் பூடணும். நல்ல காத்தா இஸ்துகினு வரணும்" என்பான் காதர். நேபாளத்தில் மலையைச் சுற்றிப் போகும் நெடும்பாதை ஒன்றின் படத்தை எங்கிருந்தோ கிழித்துவந்து லாக்கர் கதவில் ஒட்டியிருந்தான். போகலாம் போகலாம் என்றே வருஷங்கள் ஓடின. ஒருவழியாக ரயில் டிக்கெட் எடுத்தபோது அவன் நுரையீரல் கையை விரித்துவிட்டது. மாடிப்படிகூட ஏறக்கூடாது என்றார் டாக்டர். அப்படியானால் நானும் போகவில்லை என்றேன்.

"பேஜாரு பண்ணாத. நீ போ. தெனம் போன்ல சொல்லு, நான் இங்கேர்ந்தே பாத்துக்கிறேன்."

அதனால் தனியாகப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், அழகு எதுவும் என் கண்ணில் படவில்லை. காலில் கொப்புளம், முதுகில் மூட்டை, ஈர சாக்ஸின் நாற்றம், வேளாவேளைக்குப் பூண்டு சூப். மேலே போகப் போக, பத்தடி நடந்தால் நின்று வாயைப் பிளக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் ஊரிலிருந்து காதரைக் கூப்பிட்டு, பனி, தொங்குபாலம், கீழே கடந்துவந்த ஆப்பிள் தோட்டங்கள், மணி கட்டிய கோவேறு கழுதைகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஒருநாள் நடுவில் மறித்தான்.

"கம்முனு இரு. இன்னாடா இப்டி இளைக்கிற?"

"மேல காத்து கம்மிடா."

"இப்ப தெர்தா எம் பாடு?"

அந்தப் பக்கம் அவன் மூச்சு, இந்தப் பக்கம் என்னுடையது. சுத்தமான காற்றைத் தேடிப் போன இடத்தில் காற்றே பற்றாக்குறை. யார்மேல் என்று தெரியாத கோபம் வந்தது எனக்கு.

மறுநாள்தான் வழி தவறியது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் மூடுபனி. தூரத்தில் ஒரு புகை மட்டும் நேராக எழுந்துகொண்டிருந்தது. சிரிக்காதீர்கள், எங்கள் பக்கத்தில் புகைக்கு நிலையான விலாசம் உண்டு. என் அப்பா கடலிலிருந்து படகைத் திருப்பினால் எண்ணூர் அனல்மின் நிலையத்துப் புகையைத்தான் தேடுவார். அது வலது தோள் பக்கம் வந்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். புகையை நம்பிப் போனால் ஊர் வராது என்பது எனக்கு எப்படித் தெரியும்? பாதையை விட்டு இறங்கி நடந்தேன். கொஞ்ச நேரத்தில் புகை மெலிந்து காணாமல் போனது. போய்ச் சேர்ந்த இடத்தில் சூடான சாம்பல்தான் இருந்தது. மாடு மேய்ப்பவர்கள் டீ போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். நான் போட்ட கூச்சலில் சரிவில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து, வந்த வழியே மேலே போ என்று கையைக் காட்டினாள். இறங்கியதையெல்லாம் மறுபடி ஏறினேன். அன்றைய களைப்பு இன்னும் என் முட்டியில் இருக்கிறது.

அன்று தங்க வேண்டிய ஊரை அடையும்போது இருட்டிவிட்டது. காதர் முதல் மணியிலேயே எடுத்தான்.

"பேமானி! எங்கடா பூட்ட? சாய்ங்காலத்துலேர்ந்து போன கைல வெச்சிகினு குந்திகினு கீறேன்!"

நடந்ததைச் சொன்னேன். காதர் சிரிக்கத் தொடங்கினான்.

"மணலில குட்ச்ச பொக பத்தலன்னு, மல மேல போயும் பொக பின்னாலயே போனியா மாமு?"

சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. அவன் மனைவி நசீமா போனை வாங்கிக்கொண்டாள். "அண்ணே, அவர சிரிக்க வெக்காதீங்கண்ணே. தாங்க மாட்டாரு."

மிச்ச நாள்களில் சிரிப்பு வராத சங்கதிகளாகப் பொறுக்கிச் சொன்னேன். நடப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது. ஊர் திரும்பியதும் என் ஜாக்கெட்டை வாங்கி மோந்து பார்த்தான். "மலைய காணோம். உன் வேர்வ நாத்தம்தான் வர்து" என்றான். அடுத்த மழைக்காலத்தை அவன் பார்க்கவில்லை.

அண்மையில் அங்கே போய்வந்த ஒருவர் படங்களைக் காட்டினார். நான் நடந்த பாதையைக் காணோம். மலையை வெட்டி ரோடு போட்டுவிட்டார்களாம், ஜீப்பிலேயே போய்விடலாமாம். நல்ல பாதை போய்விட்டதே என்று அவர் ரொம்ப வருத்தப்பட்டார். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் என் வருத்தம் வேறு. அந்த ரோடு கொஞ்சம் முன்னால் வந்திருந்தால், காற்று மெலியாத அந்த ஆப்பிள் தோட்டங்கள் வரைக்குமாவது காதரை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போயிருப்பேன்.