மேஸ்திரிக்கு ஒரு வீடு

“குளிக்கும்போது பாத்ரூம் கதவைச் சாத்துவீங்களா சார்?”

என் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் தண்ணீர் ஃபில்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே முழங்கை வரை கையை விட்டபடி கேட்டார். கேள்வி எனக்கு, கண் ஃபில்டருக்கு, தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்த போன் வேறு யாருக்கோ. நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிட்டார். “சாத்துவீங்க. எல்லாரும்தான் சாத்துவாங்க. அதான் எனக்குத் தலைவலி.”

எங்கள் குடியிருப்பு முழுவதற்கும் அவர் ஃபில்டர் அக்கா. அறுபது வயதைத் தாண்டியவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு நாற்பத்து நாலு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டுக்கும் வருவார். ஒரு நாளைக்குப் பத்து, பதினொரு சமையலறை. டீ கொடுத்தால் நின்றபடியே இரண்டு மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிடுவார். உட்காரச் சொன்னால், “உட்கார்ந்தா மறுபடி எழுந்திரிக்கணுமே சார்” என்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே கை எதையாவது திருகிக்கொண்டிருக்கும். ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் என் பிரஷர் குக்கரின் கைப்பிடியை இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது அது.

இத்தனை சமையலறைக்குள் போய் வருகிறவருக்கு ஒரு வீட்டைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். “ஃபில்டர் மேல தூசி இருந்தா பரவாயில்ல சார். வீடே கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தாத்தான் எனக்குப் பயம். அங்க யாரும் யாரையும் எதையும் தொட விடமாட்டாங்க.” இந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் அவர் இதுவரை பத்தொன்பது நாய்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறார். தெருவில் அடிபட்டது, கடை வாசலில் கட்டிப்போட்டு மறந்தது, குட்டி போட்டதும் துரத்தப்பட்டது என்று எல்லாம் அவர் கைக்கு எப்படியோ வந்து சேரும். குணம், உடம்பு, பழக்கவழக்கம் எல்லாம் விசாரித்து, சம்பந்தம் பேசுவதுபோலப் பேசி முடிப்பார். விசாரணை நாயைப் பற்றி அல்ல, வீட்டைப் பற்றி.

இருபதாவது நாயிடம்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் செல்லுபடியாகவில்லை.

அந்த நாய் கிடைத்த கதையை அவர் என்னிடம் மூன்று தவணையாகச் சொன்னார். முதல் இரண்டு முறையும் பாதியில், “சரி சார், அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு” என்று கிளம்பிவிட்டார்.

வேறொரு அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீடு. ஃபில்டர் குழாய் சொட்டுகிறது என்று புகார் வந்திருந்தது. இவர் போய் மணி அடித்தார். ஆள் இல்லை. உள்ளே ஒரு நாய் கதவைப் பிறாண்டியது. மணிச் சத்தத்துக்குப் பிறாண்டுகிறது என்று நினைத்தார். “வந்து பார்த்தேன், வீடு பூட்டியிருந்தது” என்று ஒரு துண்டுச் சீட்டை எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டு, அடுத்த வீட்டுக்கு ஓடினார்.

நான்கு நாள் கழித்து அதே மாடியில் எதிர் வீட்டில் வேலை. போகிற போக்கில் பார்த்தால், செருகிய சீட்டு செருகியபடியே இருக்கிறது. காதை வைத்துக் கேட்டார். பிறாண்டல் இருந்தது, ஆனால் ஒரு பிறாண்டலுக்கும் அடுத்ததுக்கும் நடுவே எண்ணி இருபது மூச்சு இடைவெளி. காவலாளியை விசாரித்தால், குடியிருந்தவர்கள் முந்தின வாரமே சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். வீட்டுக்காரர் சாவியோடு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. திறந்தபோது கதவின் கீழ்ப்பாகத்தில் ஒரு முழ உயரத்துக்குப் பலகை நாராகக் கிழிந்திருந்தது. நாயின் முன்னங்கால்களில் நகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. உயிர் மட்டும் இருந்தது. சமையலறையில் சொட்டுச் சொட்டாக விழுந்த ஃபில்டர் தண்ணீரைத் தரையில் நக்கியே அத்தனை நாளும் பிழைத்திருந்தது.

“அந்தச் சொட்டை நிறுத்தத்தான் சார் நான் போனேன்” என்றார். திருப்புளியை ஒரு பையில் போட்டார், எடுத்தார், இன்னொரு பையில் போட்டார். “கொஞ்சம் நின்னு கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நான்தான் நிக்கமாட்டேனே.”

நாயை வீட்டுக்குக் கொண்டுபோனார். இரண்டே அறை. கணவர் அச்சகத்தில் இரவு வேலை, பகலில் கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு தூங்குகிறவர். நாய்க்கோ எந்தக் கதவு மூடினாலும் உயிர் போய்விடும். நடுங்கும், ஊளையிடும், பிறகு கதவின்மேல் பாயும். முதல் வாரத்திலேயே அறைக் கதவின் அடிப்பலகை போயிற்று. இரண்டாவது வாரம் நிலைச்சட்டத்தில் ஒரு கீற்று. “இது நாய் இல்ல, மேஸ்திரி” என்றார் கணவர். “வீட்டை இடிச்சுக் கட்டச் சொல்லி யாரோ அனுப்பியிருக்காங்க.” அந்தப் பெயரே நிலைத்தது. திட்டினாரே தவிர, அதற்குப் பிறகு அவர் கதவைத் திறந்து வைத்து, கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினார். வீட்டின் சொந்தக்காரருக்கு அப்படி ஒரு மனசு இல்லை. மாதக் கடைசிக்குள் நாய் போக வேண்டும், இல்லையென்றால் குடியிருப்பவர்கள் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

முதலில் எடுத்துக்கொண்டது ஓர் இளம் தம்பதி. நல்லவர்கள்தான். விருந்தினர் வந்தபோது, “பத்து நிமிஷம்தானே” என்று படுக்கையறையில் விட்டுச் சாத்தினார்கள். ஒன்பதாம் நாள் மேஸ்திரி திரும்பி வந்தது, கால்களில் கட்டோடு. அடுத்தது தனியாக வசிக்கும் பள்ளி ஆசிரியை. அவர் ஒரு கதவையும் சாத்தவில்லை, குளியலறையைத் தவிர. ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருக்கையில் அது தலையால் மோதி, கதவின் கண்ணாடி உடைந்து உள்ளே கொட்டியது. ஆசிரியை அழுதுகொண்டேதான் கொண்டுவந்து விட்டார். “என்மேல கோபம் வேண்டாம்மா. எனக்கு அதைப் பார்த்தா பயமில்லை. அது பயப்படறதைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு” என்றாராம்.

அதிலிருந்துதான் போகிற வீட்டிலெல்லாம் குளியலறைக் கதவைப் பற்றிய விசாரணை. ஒரு கிழவர் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். நான் அந்த நாயை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். பெருந்தன்மையாகத்தான் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்களா? எழுதறப்ப ரூமைத் தாழ்ப்பாள் போட்டுக்கறீங்க. போன தடவை நாலு தரம் தட்டினேன், ‘யாரு’ன்னுகூட கேக்கல. மனசுல வெச்சுக்காதீங்க சார், உங்களுக்கு மீன் சரியா வரும்.”

மாதம் முடிய ஆறு நாள் இருக்கையில், விடுப்பில் போன இன்னொரு ஊழியருக்குப் பதிலாக அவர் ஒரு வீட்டுக்குப் போனார். தரை தளம். ஃபில்டர் வழக்கமான உயரத்தில் இல்லை, இடுப்பளவில் மாட்டியிருந்தது. சக்கர நாற்காலியில் ஒருவர். முன்பு லாரி ஓட்டியவர்; விபத்துக்குப் பிறகு ஒரு டாக்சி கம்பெனிக்காக வீட்டிலிருந்தே போன் எடுக்கிறார். கூடவே அவருடைய அக்கா. ஃபில்டர் அக்கா வேலையை முடித்துக் கை கழுவத் திரும்பியவர், கழுவாமலே நின்றுவிட்டார். அந்த வீட்டில் உள்ளே ஒரு கதவுகூட இல்லை. படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாவற்றுக்கும் திரைச்சீலைதான்.

“கதவெல்லாம் எங்கே?”

“மூணு வருஷத்துக்கு முன்னாடி பாத்ரூம்ல விழுந்துட்டேன்” என்றார் அவர். “உள்பக்கமாத் திறக்கிற கதவு. நான் விழுந்து கிடந்ததே அதுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு. யாராலயும் திறக்க முடியல. அக்கா வெளியே கத்துறா, நான் உள்ளே கத்துறேன். மறுநாளே ஆளைக் கூப்பிட்டு எல்லாக் கதவையும் பேத்துட்டா.”

“வாசக்கதவு?”

“அது இருக்கு. ஆனா நான் எங்கே போகப்போறேன்? எந்நேரமும் உள்ளேதான்.”

ஃபில்டர் அக்கா அன்று மீதமிருந்த நான்கு வீடுகளையும் மறுநாளைக்குத் தள்ளினார். அவர் வேலையில் சேர்ந்து அப்படிச் செய்தது அதுவே முதல்முறை.

மேஸ்திரியை வைத்துக்கொள்ளத் தம்பி சரி என்றார். அக்கா மாட்டேன் என்றார். “இவனுக்கே நான் ஒருத்தி பத்தல. இதுல அது வேறயா? ரெண்டு இடத்துல திருப்பி விட்டாங்கன்னு நீங்களே சொல்றீங்க.” பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. கடைசியில் பதினைந்து நாள் பார்க்கலாம் என்ற கணக்கில் மேஸ்திரி அங்கே போயிற்று.

அந்தப் பதினைந்து நாளும் ஃபில்டர் அக்காவைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வீட்டில் பழைய ஃபில்டர் கேண்டிலையே துடைத்துத் திருப்பி மாட்டிவிட்டு வந்து, பாதி வழியில் நினைவு வந்து ஓடினார். போன் அடித்தாலே முகம் வெளுக்கும். இரண்டாம் நாள் அந்த அக்காதான் கூப்பிட்டார். “மேசைக்கடியில போய்ப் படுத்தது, எழுந்திரிக்கல. தண்ணிகூடத் தொடல. சக்கரம் உருண்டா உறுமுது. வந்து கூட்டிட்டுப் போங்க.” இவர் விழுந்தடித்துக்கொண்டு போனார். கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கோத்தும் விட்டார். நாற்காலிக்காரர்தான் தடுத்தார்.

“இன்னும் ரெண்டு நாள் குடுங்க. நானும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தப்ப இப்படித்தான் கிடந்தேன். சாப்பிடு, சாப்பிடுன்னு யார் சொன்னாலும் அடிக்கலாம்னு தோணும்.”

அவர் அதைக் கூப்பிடவில்லை, தடவவில்லை, பக்கத்தில் போகக்கூட இல்லை. தட்டைக் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அவருடைய வேலையே பேச்சுதான். காலை முதல் மாலை வரை, “வண்டி வந்துட்டிருக்கு சார், அஞ்சு நிமிஷம். பக்கத்துல வந்துட்டாரு மேடம், கொஞ்சம் இருங்க.” ஒரே குரல், ஒரே நிதானம். வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்பதை அந்தக் குரல் நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் தட்டு காலியாக இருந்தது. ஏழாம் நாள் மேசைக்கடியிலிருந்து நாற்காலிக்கு அடியில் குடிமாறியது.

பன்னிரண்டாம் நாள் விபரீதம். போனை எடுக்க அவர் அவசரமாக நாற்காலியைத் திருப்பியபோது, சக்கரம் அதன் முன்னங்காலில் ஏறிவிட்டது, நகம் இன்னும் சரியாக முளைக்காத அதே காலில். அலறிய வேகத்தில் திரும்பி அவர் கையைக் கவ்வியது. சமையலறையில் இருந்த அக்கா அத்தனையையும் பார்த்துவிட்டார்.

அன்று மாலை, சேதி கேட்டுக் கிளம்பிய ஃபில்டர் அக்காவோடு நானும் போயிருந்தேன். வாசலிலேயே அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார். கை இடுப்பில். ஃபில்டர் அக்கா தானே முந்திக்கொண்டார்: “தெரியும்மா. உங்கமேல தப்பே இல்ல. நான் இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்.”

“எதுக்கு?” என்றார் அந்த அக்கா. “நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்? கை முழுசா வாய்க்குள்ள இருந்துச்சு. கடிச்சிருக்கலாம். கடிக்கல. பல்லுப் படாம விட்டுட்டு, இவன் மூஞ்சியையே பார்த்துச்சு. இவன் ‘ஸாரிடா, ஸாரிடா’ன்னு அழறான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மன்னிப்புக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நான் என்னத்தைச் சொல்ல?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “காலுக்கு மருந்து போட்டாச்சு. உள்ள வாங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க, இப்பத்தான் துடைச்சேன்.”

பதினைந்து நாள் கணக்கை அதன்பிறகு யாரும் பேசவில்லை.

ஆனால் ஃபில்டர் அக்காவின் கால் ஓயவில்லை. சர்வீஸ் வேண்டியிருக்கிறதோ இல்லையோ, வாரம் ஒருமுறை பையோடு போய் நின்றார். அவருடைய ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டாலே மேஸ்திரி வாசலுக்கு ஓடிவரும். அவர் மேல் ஏறிப் புரளும். அவர் கிளம்பியதும் ஒரு பாட்டம் அழும். அதை அவர் என்னிடம் வாயெல்லாம் பல்லாகச் சொல்வார். ஒருநாள் அந்த அக்கா போனில் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார்: “தப்பா நினைக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனா, மேஸ்திரி ரெண்டு நாளைக்கு வாசலைப் பார்த்தே கிடக்கிறான். சோறு இறங்கல. நீங்க எப்பக் கூட்டிட்டுப் போவீங்கன்னு இருக்கானோ, என்னமோ.”

அந்த வாரமே, தன் பெயருக்கு வாங்கி வைத்திருந்த அந்த வீட்டுச் சர்வீஸ் கார்டை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். நான் கேட்டதற்கு, “அந்தப் பக்கம் டிராஃபிக் ஜாஸ்தி சார்” என்றார். கை என் வீட்டுக் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை பேருந்தைத் தவறவிட்டு நின்ற என்னைப் பார்த்து, “ஏறுங்க சார், வழியில இறக்கிவிடறேன்” என்றார். முன்னால் காலடியில் நான்கு ஃபில்டர் பெட்டிகள், தோளில் கருவிப் பை, பின்னால் நான். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று மூன்று முறை சொன்னார். மேஸ்திரி இருக்கும் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். சுற்று வழி கிடையாது. தெரு தொடங்கும் இடத்தில் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு, “கொஞ்சம் இறங்கிக்கோங்க” என்றார்.

உச்சி வெயில். சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு காலை ஊன்றி வண்டியைத் தள்ளத் தொடங்கினார். கை கொடுக்கப் போன என்னைத் தலையசைத்துத் தடுத்தார். தெரு நடுவே அந்த வீடு. வாசல் பாதி திறந்திருந்தது. “பக்கத்துல வந்துட்டாரு மேடம், ரெண்டே நிமிஷம்” என்று உள்ளே குரல். நாற்காலிச் சக்கரத்தை ஒட்டி ஒரு பழுப்பு முதுகு, தூக்கத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் நின்று பார்த்தேன். அவர் நிற்கவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை. பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடாமலிருக்க அவற்றை மறு முழங்காலால் அணைத்துப் பிடித்தபடி, வியர்வை கழுத்தில் வழிய, ஒவ்வோர் அடியாகத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டே போனார். திருப்பத்தைக் கடந்தும் இன்னும் ஒரு கட்டடம் தாண்டினார். அப்புறம்தான் சாவியைத் திருகினார்.