கூடுதலாய் ஒரு பிஞ்சு

அரிமளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிலவழகனின் கம்ப்யூட்டர் கடை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்து தருவார். ஆனால் ஊர் அவரைத் தேடி வந்தது சாவுக்குத்தான். கண்ணீர் அஞ்சலிக்கு அவர் எழுதுகிற மூணு நாலு வரிக்காக அடுத்த ஊரிலிருந்தும் வந்தார்கள்.

அதற்கு அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. இழவு வீட்டுக்கு நேரே போவார். வயது, படிப்பு எதுவும் கேட்க மாட்டார். "கடைசியா யாரை வைஞ்சாங்க?" என்பார். இழவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் யாராவது ஒருவர் விசும்பலுக்கு நடுவே சிரித்துவிட்டுச் சொல்லத் தொடங்குவார். அதிலிருந்து வரி பிறக்கும்.

பஸ் ஜன்னலோரம் வெள்ளரிப்பிஞ்சு விற்ற மூக்காயி இறந்தபோதும் அப்படித்தான் கேட்டார். 'இனிமே கூடை தூக்காதே' என்று சொன்ன மகளைத்தான் கடைசியாக வைதாளாம். நிலவழகன் எழுதினார்:

கேட்காமலே கூடுதலாய் ஒரு பிஞ்சு போட்ட கையே,
கூடையை இறக்கிவைக்கச் சொன்னோம்,
எங்களையும் ஏன் இறக்கிவிட்டுப் போனாய்?

டிரைவர், கண்டக்டரெல்லாம் வண்டியை நிறுத்திப் படித்தார்கள்.

அங்கேதான் மனுஷனுக்குப் புத்தி பிசகியது. கடைப் பெயரும் போன் நம்பரும் சேர்த்து அதை நெட்டில் ஏற்றினார். அதற்கு முன்னால் எழுதியதையும் ஒவ்வொன்றாக ஏற்றினார். நாலு ஊருக்குத் தெரிந்தால் வேலை வருமே என்ற நப்பாசை. பரவியது, பரவாமல் என்ன! நம்பரைக் கத்தரித்துவிட்டுப் பரவியது. யாரோ ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியரின் படத்துக்குக் கீழே மூக்காயி வரியைப் பார்த்தபோது அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"ஏன் ராணி, இந்த வாத்தியாரு வெள்ளரிப்பிஞ்சா வித்தாரு?" என்று மனைவி செல்வராணியிடம் காட்டினார். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்புறம் அந்தச் சிரிப்பும் வற்றிப்போனது. போட்டோவும் பேரும் கொடுத்தால் அஞ்சலி தானாக வந்து விழுகிற ஆப் ஒன்று வந்தது. அவர் ஏற்றியது அத்தனையும் அதில் கிடந்தது. கடைக்கு வந்தவர்கள் போனை நீட்டி, "இதையே பிரிண்ட் போட்டுக் குடுங்க, நீங்க மெனக்கெட வேணாம்" என்றார்கள். "இது நான் எழுதுனதுங்க" என்றால், "நெட்டுல இருக்கதத் தன்னுதுங்கிறாரு பாரு" என்று காதுபடவே பேசினார்கள். பொய்யன் என்ற பேரும் சேர்ந்துகொண்டது. போகப் போக பிரிண்டுக்கும் ஆள் வரவில்லை. தன் வரி எங்கெங்கே போயிருக்கிறது என்று போனில் தேடுவதே அவருக்கு வேலையாகிப் போனது.

அந்த மதியம் வீட்டிலும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். "சோறு ஆறிப்போகுது. அந்தச் சனியன் பிடிச்ச போனைக் கீழ வச்சுட்டு வாங்க!" என்று அடுப்படியிலிருந்து செல்வராணி கத்தினாள். "வாரேன், வாரேன்" என்றார். போகவில்லை. ஒருவழியாக எழுந்து போனபோது, பரிமாறிய தட்டுக்குப் பக்கத்தில் அவள் சாய்ந்து கிடந்தாள். மாரடைப்பு என்றார்கள்.

கடைசியாக யாரை வைதாள் என்று எவரும் கேட்கவில்லை. அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். கடையைத் திறந்து ஆறு வரி எழுதினார். அதுவரை எழுதியதில் அப்படி ஒன்று வந்ததில்லை. பிரிண்டுக்கு அனுப்பப்போன கை நின்றுவிட்டது. பொழுது சாய்வதற்குள் எவனாவது படம் பிடிப்பான். நாளைக்கு எவள் படத்துக்கோ கீழே செல்வராணி போட்ட சோறு ஆறிக் கிடக்கும். ஆறு வரியையும் அழித்தார். பேரும் தேதியும் மட்டும் போட்டு அனுப்பினார்.

"ஊரு பொணத்துக்கெல்லாம் எழுதுன ஆளுக்கு, பொண்டாட்டிக்கு ரெண்டு வார்த்த கெடைக்கலையாக்கும்" என்று உறவுகள் முணுமுணுத்தன.

திருப்பூரில் வேலை பார்க்கும் செல்வராணியின் தம்பி வசந்தகுமாருக்கு மனசு கேட்கவில்லை. வரும் வழியிலேயே ஆப்பில் ஒன்று எடுத்து, பெரிதாக அடித்துக் கொண்டுவந்து வாசலில் கட்டினான். செல்வராணி சிரிக்கிற படம். கீழே, கேட்காமலே கூடுதலாய் ஒரு பிஞ்சு போட்ட கையே. வந்த பெண்கள் அதைப் படித்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

"நல்லா இருக்கா மச்சான்? நெட்டுல தேடி எடுத்தேன்" என்றான் வசந்தகுமார்.

நிலவழகன் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"நல்லா இருக்கு மாப்ள" என்றார். "யாரு எழுதுனதோ."